வீராணம் தண்ணீரும் உள்ளம் மீனும்

கோடை வந்தால் நம் சங்கக் கூட்டங்களில் அதிகம் அடிபடும் பெயர் வீராணம். ஏரி முழுக் கொள்ளளவான 47.5 அடியில் இப்போது எத்தனை அடி நிற்கிறது, மெட்ரோ வாட்டர் எத்தனை மணி நேரம் வரும், லாரிக்குச் சொல்லிவைக்க வேண்டுமா என்றெல்லாம் பேசுகிறோம். அந்தத் தண்ணீர் எந்த வழியாக நம் தொட்டிக்கு வருகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? மேட்டூரில் திறந்துவிடும் காவிரி, முக்கொம்பு மேலணையில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே பிரியும் கொள்ளிடம் அணைக்கரைக்கு வந்து கீழணையில் தேங்குகிறது. அங்கிருந்து வடவாற்று வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. பிறகு நெய்வேலிக்கு அருகே வடக்குத்தில் சுத்திகரித்து, சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். 2004-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்று கணக்குச் சொன்னார்கள்.

இந்த இதழில் நான் எழுத வந்தது தண்ணீரைப் பற்றி அல்ல, மீனைப் பற்றி. ஆனால் இரண்டும் ஒரே கதை. தண்ணீர் இறங்கிவரும் இதே பாதையில், ஆண்டுதோறும் எதிர்த்திசையில் ஏறிவந்த ஒரு மீன் இருந்தது.

அதன் பெயர் உள்ளம். வயலில் இறங்கும் உள்ளான் குருவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. வங்காளிகள் இலிஷ் என்றும், தெலுங்கர்கள் புலசா என்றும், சிந்திகள் பல்லா என்றும் கொண்டாடுவது இந்த உள்ளத்தைத்தான். ஆங்கிலத்தில் ஹில்சா. நம் வளாகத்து வங்காளி நண்பர்கள் ஐஸ் பெட்டியில் வரவழைத்து, விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் மீன் அதுதான். அதற்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நாம் பிடிக்காத, சமைக்காத மீனுக்கு நம்மிடம் பெயர் எப்படி வந்திருக்கும்?

உள்ளம் கடலில் வளரும் மீன். முட்டையிடுவதற்கு மட்டும் ஆற்றுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, ஆடி மாதத்தில் புதுவெள்ளம் கலங்கலாக முகத்துவாரத்துக்கு வந்து சேரும்போது, அந்த நன்னீரின் வாடை பிடித்துக் கூட்டங்கூட்டமாக உள்ளே ஏறும். கொள்ளிடம் கடலில் சேரும் இடம் சிதம்பரத்துக்குத் தென்கிழக்கே, ஒரு கரையில் கொடியம்பாளையமும் மறு கரையில் பழையாறும் இருக்கும் பகுதி. அங்கிருந்து ஆற்றோடு மேற்கே ஏறும். ஏறும் காலத்தில் அது அதிகம் தின்பதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டே நீந்தும். பெட்டை, ஆணைவிடப் பெரியது. ஒரு பெட்டையின் வயிற்றில் மீனின் அளவைப் பொறுத்து இரண்டு மூன்று லட்சம் முதல் இருபது லட்சம் வரை முட்டை இருக்கும். மீனவர்கள் சினை என்பது அதைத்தான். நாக்குக்குச் சினை, ஆற்றுக்கு விதை.

இனி அணைக்கு வருவோம். 1836-இல் ஆர்தர் காட்டன் என்ற இளம் ராணுவப் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். அதற்கு முன்பே கல்லணை இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் கல்லணையின் வேலை காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் சரிந்துவிடாமல் தடுப்பது. கொள்ளிடத்தின் குறுக்கே முழுச் சுவர் எழுந்தது காட்டன் காலத்தில்தான். அதனால் தஞ்சை செழித்தது. தென்னார்க்காடு மாவட்டத்தில், அதாவது இன்றைய கடலூர் மாவட்டத்தில், சிதம்பரமும் காட்டுமன்னார்கோயிலும் செழித்தன. பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசர் இராசாதித்தர் வெட்டிய வீராணம் ஏரிக்கு நிலையான நீர்வரத்துக் கிடைத்ததும் கீழணையால்தான். காட்டனைக் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது. ஏனென்றால் மீனுக்காக முதலில் குரல் கொடுத்தவரும் அவரே.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1867-இல் காட்டன் அரசுக்கு எழுதினார். ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகள், முட்டையிட ஏறும் மீன்களைத் தடுத்து மீன்வளத்தைக் கெடுக்கின்றனவா என்று விசாரிக்கச் சொன்னார். தான் கட்டிய சுவர்களைப் பற்றித் தானே சந்தேகம் கிளப்பிய பொறியாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? விசாரிக்கும் வேலை பிரான்சிஸ் டே என்பவருக்குப் போனது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீனியல் அறிஞராக மாறியவர் இவர். மாவட்டந்தோறும் அதிகாரிகளிடமும் தாசில்தார்களிடமும் கேள்விகள் கேட்டுப் பதில் வாங்கினார், ஆறுகளை நேரில் பார்த்தார். 1873-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

அவர் கண்டது எளிமையானது. அணை மீனை நிறுத்துகிறது. நின்ற மீன் சுவரடியில் குவிகிறது. குவிந்த இடத்தில் வலை காத்திருக்கிறது. முட்டையிடப் போகும் வழியில், முட்டையிடும் முன்பே, சினையோடு அள்ளப்படுகிறது. அணைகளில் மீன் ஏறிப்போக வழி விட வேண்டும், அணைக்குக் கீழே பிடிப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று டே வற்புறுத்தினார். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் பிடிப்பதை அது தடுத்தது. அணையடியில் நடந்ததைத் தடுக்க அது மட்டும் போதவில்லை.

மீன் ஏணியும் முயன்று பார்க்கப்பட்டது. இந்த யோசனை ஐரோப்பாவின் சால்மன் மீனைப் பார்த்துக் கிளம்பியது. சால்மன் அருவியில் எகிறிக் குதித்து ஏறும். நம் உள்ளம் குதிக்காது. தடையில்லாத ஓட்டத்தில் எவ்வளவு வேகத்தையும் எதிர்த்து நீந்தும், படி ஏறச் சொன்னால் நின்றுவிடும். வேறொரு நாட்டு மீனுக்குத் தைத்த சட்டையை இதற்கு மாட்டிப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது செயற்கைக் குஞ்சு பொரிப்பு. சென்னை அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் 1909-இல் கொள்ளிடத்தில் இதைச் செய்துபார்த்தார். சினை மீனின் முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, கருவாக்கிப் பொரிக்க வைத்தார். உள்ளம் மீனை உலகில் முதன்முதலாகச் செயற்கையாகக் கருவுறச் செய்த முயற்சி என்று மீனியல் நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். வங்காளத்தில் அல்ல, நம் கொள்ளிடத்தில் நடந்தது! ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடும். ஆனால் வெளிவருவது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நூல் போன்ற குஞ்சு. அதற்கு என்ன கொடுத்து, எப்படி வளர்ப்பது என்பது பிடிபடவில்லை. இதே வில்சன் அதே காலத்தில் நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் டிரவுட் மீன் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து வெற்றி கண்டவர். துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிரவுட் இன்றும் ஊட்டி ஓடைகளில் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கொள்ளிடத்தில் உள்ளம் வந்துகொண்டுதான் இருந்தது. அணைக்கரைக்குக் கீழே ஆறு இருந்தது, ஆடி ஆவணியில் வெள்ளமும் இருந்தது. மீனை அழைத்து வருவது வெள்ளம். அந்த வெள்ளத்தின் கழுத்தைப் பிடித்தது 1934-இல் முடிந்த மேட்டூர் அணை. அதற்குச் சற்று முன்பே மேலே கிருஷ்ணராஜ சாகரும் எழுந்திருந்தது. இனி ஜூன் ஜூலையில் பெருகும் நீர் முதலில் அணையை நிரப்ப வேண்டும். பிறகுதான் கீழே இறங்கும். அதுவும் வாய்க்காலுக்கு அளந்து ஊற்றும் நீராக இறங்கும், ஆற்றை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் வெள்ளமாக அல்ல. கொள்ளிடம் வெள்ள வடிகால் என்பதால் மிச்சம் இருந்தால் மட்டுமே அதற்குப் பங்கு.

மேட்டூர் முடிந்து ஏழே ஆண்டில், 1941-இல், சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அணைகளும் மீன்வளமும், மேட்டூர் இந்தியாவுக்குக் கற்பிக்கும் பாடங்கள் என்பது அதன் பொருள். மேட்டூருக்குக் கீழே காவிரியிலும் கொள்ளிடத்திலும் உள்ளம் மீன் வரத்து நலிந்ததை அதில் பதிவு செய்தார். சுதந்திரத்துக்கு முன்பே, வேறு பெரிய அணைகள் பலவும் எழுவதற்கு முன்பே, எச்சரிக்கை அச்சில் வந்துவிட்டது. படித்தவர்கள் எத்தனை பேரோ!

சுவரும் வெள்ளமும் வேறு வேறு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கோதாவரியைப் பாருங்கள். அங்கேயும் அணை கட்டியது இதே காட்டன்தான். 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கட்டினார். அங்கேயும் மீன் சுவரடியில் நிற்கிறது. ஆனால் அந்த ஆற்றில் மேட்டூர் போல் வெள்ளத்தை அடக்கும் அணை நீண்ட காலம் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்டில் கோதாவரி கரைபுரண்டு கடலுக்கு ஓடுகிறது. உள்ளமும் வருகிறது. கடலில் இருக்கும்வரை அதற்கு விலசா என்று பெயர். ஆற்றுக்குள் ஏறி நன்னீர் குடித்தால்தான் புலசா. தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று தெலுங்கில் பழமொழியே உண்டு. புதுச்சேரியின் ஒரு பகுதியாக அங்கே கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாமில், ஒரே ஒரு புலசா இருபதாயிரம் ரூபாயைத் தாண்டி ஏலம் போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த விலை கொண்டாட்டத்தின் விலையா, பற்றாக்குறையின் விலையா? எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் படுகிறது. அங்கேயும் வரத்துக் குறைந்துகொண்டே போகிறது. போலவரம் அணை வேறு எழுகிறது.

மற்ற ஆறுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955-இல் கோட்ரி அணை முடிந்ததும் சிந்து நதியில் பல்லாவின் வழி அடைபட்டது. சிந்திகளின் தெய்வம் ஜூலேலால் படங்களில் அமர்ந்திருப்பது அந்தப் பல்லா மீனின் மேல்தான். கங்கையில் 1975-இல் பராக்கா அணை வந்தது. அதுவரை அலகாபாத் தாண்டியும் ஏறிப்போன இலிஷ், பராக்காவுக்கு மேலே அரிதாகிப் போனது. பாரக்பூர் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இப்போது உயிர் மீன்களை அடையாளம் கட்டி அணைக்கு மேலே விடுகிறார்கள்.

இனி சமையல். வரலாறு படித்த களைப்புக்கு இது வேண்டும்.

ஒரு மீன் ஆற்றில் குறைந்தால் அதன் பக்குவமும் வீட்டில் குறையும். கோதாவரிக் கரையில் புலசாக் குழம்புக்கு நுணுக்கமான முறை இருக்கிறது. வங்காளத்தில் இலிஷுக்கு ஒரு சமையல் நூலே போதாது. நம் வீடுகளில் சுறாப்புட்டுக்கும் நெத்திலிக்கும் வஞ்சிரத்துக்கும் பக்குவம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வோம், உள்ளத்துக்குக் கேட்டால் விழிப்போம். ஆகவே அக்கம்பக்கத்து ஆறுகளிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் முள். உள்ளத்தில் சதைக்குள்ளேயே மயிர் போன்ற இரட்டை முட்கள் நிறைய உண்டு. அதை வெல்லப் புளியும் நேரமும் வேண்டும். கோதாவரிப் பக்கம் மண்சட்டியில் கெட்டியான புளிக்கரைசல் ஊற்றி, வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் சேர்த்து, சிறு தீயில் நீண்ட நேரம் வைக்கிறார்கள். அன்றைக்குத் தொடுவதில்லை, மறுநாள்தான் பரிமாறுகிறார்கள். நம் கடலூர்ப் பக்கத்து மீன் குழம்பும் இதற்கு அயல் அல்ல. சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மாங்காய் கிடைத்தால் இரண்டு கீற்று. இரண்டே மாற்றம்: நல்லெண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள், மீனே எண்ணெய் விடும். தேங்காயைச் சேர்க்காதீர்கள், கொழுப்புக்கு மேல் கொழுப்பு திகட்டும். மீனைப் போட்ட பிறகு கரண்டி விடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். இன்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி வேலை செய்யாது, கேஸ் அடுப்பில் வையுங்கள்.

வங்காளிகள் முள்ளோடு சண்டை போடுவதில்லை, பொறுமையாக விரலால் பிரிக்கிறார்கள். கடுகை அரைத்து, பச்சை மிளகாய், மஞ்சள், கடுகெண்ணெய் பிசறி, மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகவைப்பது ஒரு வகை. நம் இட்லிப் பானையிலேயே செய்யலாம், கால் மணி நேரம் போதும். வெறும் மஞ்சளும் உப்பும் தடவிப் பொரிப்பது இன்னொரு வகை. பொரித்த பிறகு சட்டியில் நிற்கும் எண்ணெயைக் கீழே ஊற்றினால் வங்காளி வீட்டில் சண்டை வரும். அந்த எண்ணெயைச் சூடான சோற்றில் விட்டு உப்போடு பிசைந்து முதல் உருண்டையாகச் சாப்பிடுகிறார்கள். மழை நாளில் கிச்சடியோடு பொரித்த இலிஷும் பொரித்த சினையும். துண்டு போட்ட பிறகு கழுவக் கூடாது என்பது அவர்கள் விதி. செதிலை எடுத்து முழு மீனாகக் கழுவிவிட்டு வெட்டுங்கள். குழந்தைகளுக்கு வால் பக்கத் துண்டைத் தராதீர்கள், அங்கேதான் முள் அதிகம்.

சினை. இரண்டு நீள மடல்களாக, மெல்லிய தோலுக்குள் இருக்கும். தோல் கிழியாமல் எடுத்து மஞ்சளும் உப்பும் தடவி, முதலில் இட்லித் தட்டில் எட்டுப் பத்து நிமிடம் அவித்து ஆறவிடுங்கள். உறைந்து கட்டியாகும். அதை வில்லைகளாக நறுக்கி, மிளகு சீரகப் பொடி தூவி, சிறு தீயில் புரட்டினால் வறுவல். உதிர்த்து வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு கிளறினால் பொடிமாஸ். குழம்பில் போடுவதென்றால் இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன் முழு மடலாகவே விடுங்கள்.

சினை தின்னலாமா என்ற கேள்வி இங்கே வரும். ஊருக்கு ஊர் பதில் வேறு. கோதாவரியில் சினைப் புலசாவுக்குத்தான் விலை கூடுதல். வங்காளத்து ருசிகாரர்கள் சினை வைத்த மீனைக் கொஞ்சம் இறக்கியே பேசுவார்கள், கொழுப்பெல்லாம் முட்டைக்குப் போய்ச் சதையின் ருசி குறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அங்கே பல குடும்பங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. அக்டோபரில் வரும் லட்சுமி பூஜையோடு இலிஷை நிறுத்தினால், தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜை வரை வீட்டில் இலிஷ் கிடையாது. பொரிந்த குஞ்சுகள் ஆற்றில் வளரும் காலம் பெரும்பாலும் அதுதான். பங்களாதேஷில் சட்டமே உண்டு: அக்டோபர் முழுநிலவை ஒட்டி 22 நாள் பிடிப்பதும் விற்பதும் கூடாது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அது கடலில் விசைப்படகுகளுக்கானது. ஆடி வெள்ளத்தில் ஆறேறும் உள்ளத்துக்கு அந்தத் தேதிகள் உதவுவதில்லை. வங்காளத்துப் பஞ்சாங்க வழக்கம்கூட நம்மிடம் உருவாகவில்லை, உருவாக மீனும் மிஞ்சவில்லை.

கொள்ளிடத்துக்குப் பழையபடி உள்ளம் திரும்புமா? 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் உடைந்து விழும் அளவுக்கு வெள்ளம் வந்ததே, அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஆறு கடல் வரை ஓடத்தான் செய்கிறது. ஆனால் அணைக்கரைக்குக் கீழே ஆதனூர்–குமாரமங்கலம் இடையே இன்னொரு கதவணையும் எழுந்துள்ளது. கடல்நீர் உள்ளே ஏறி நிலத்தடி நீர் உப்பாவதைத் தடுக்க அந்த ஊர்களுக்கு அது தேவை. அதை வேண்டாம் என்று சொல்ல, வீராணம் தண்ணீரில் குளிக்கும் எனக்கு வாய் வராது. வெள்ளக் காலத்தில் கதவுகளை எப்போது, எத்தனை நாள் முழுதாகத் தூக்கி வைப்பது என்பதில் மீனையும் ஒரு பயனாளியாக எண்ணலாமே என்று மட்டும் கேட்கலாம். 1867-இல் காட்டன் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

வாங்கப் போகிறீர்கள் என்றால்: மேற்கு வங்கத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. சென்னைச் சந்தையில் யாரும் அளந்து பார்ப்பதில்லை, நீங்கள் சாண் வைத்துப் பாருங்கள். ஒரு சாணைவிடச் சற்று நீளமாவது இருக்க வேண்டும். சின்னது மலிவு என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். அது ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு, முள்ளைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. முக்கால் கிலோவுக்கு மேல், வயிறு இறுக்கமாக, செவுள் சிவப்பாக, முதுகு நீலம் மின்ன இருந்தால் எடுங்கள். சினையை அவிக்காமல் நேரே எண்ணெயில் போட்டால் பட்டாசாக வெடிக்கும், மூடியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.